தாய்மாமன் மடியும் விடுதலைப் பத்திரமும்

1859ஆம் ஆண்டு. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற வழக்கறிஞர், அந்த வட்டாரத்தில் வாழ்ந்த செனகா பழங்குடியினர் யாரை யார் என்ன முறை சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்து வைத்திருந்தார். அவர்களுக்கு அப்பாவின் சகோதரர்களும் அப்பா முறை; அம்மாவின் சகோதரிகளும் அம்மா முறை; அவர்கள் பெற்ற பிள்ளைகள் எல்லாரும் உடன்பிறப்புகள். அம்மாவின் சகோதரரும் அப்பாவின் சகோதரியும் தனி. அவர்களுடைய பிள்ளைகளும் தனி. இதே ஏற்பாடு ஆசியாவில் எங்காவது உண்டா என்று தேடிய மார்கன், ஆற்காடு மிஷனைச் சேர்ந்த அமெரிக்க மிஷனரி ஒருவர் வழியாகத் தமிழர்களின் முறைகளை அறிந்தபோது திகைத்துப்போனார். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி, மாமா, அத்தை என்று நாம் அன்றாடம் புழங்கும் முறைகள் செனகா மக்களின் முறைகளோடு பெரும்பாலும் ஒத்துப்போயின. அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதையே சான்றாக எடுத்துக்கொண்டு, 1871இல் ஒரு பெரும் நூலை வெளியிட்டார். மானிடவியலில் உறவுமுறை ஆய்வு என்ற துறை அந்த நூலிலிருந்துதான் தொடங்குகிறது.

மார்கன் காட்டிய சான்று நிற்கவில்லை. தாமஸ் டிரவுட்மன் 1981இல் வெளியிட்ட ‘திராவிட உறவுமுறை’ என்ற நூல், தென்னிந்திய முறைகளுக்குப் பின்னால் இருப்பது அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தை மையமாகக் கொண்ட ஒரு விதி என்று விரிவாக நிறுவியது. ஆனாலும் மார்கன் கண்ட அடிப்படை உண்மை மாறவில்லை. அப்பாவும் அவர் தம்பியும் ஒரு பக்கம். அப்பாவும் அவர் தங்கையும் இரண்டு பக்கம். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் உடன்பிறந்தால் அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. ஆணும் பெண்ணும் உடன்பிறந்தால் அவர்கள் பிள்ளைகள் முறைக்காரர்கள்.

பிறக்கிற ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் இந்தக் கோட்டின் மேல்தான் பிறக்கிறது. பெயர் வைப்பதற்கு முன்பே அதற்கு இடம் குறிக்கப்பட்டுவிடுகிறது. ஒரு பக்கம் பங்காளிகள். மறுபக்கம் மாமன் மச்சான்கள். பங்காளியிடம் சொத்துக்காகச் சண்டை வரும். சாவு விழுந்தால் தீட்டும் அவனோடுதான். மாமன் மச்சானிடம் கேலி உண்டு, உரிமை உண்டு, சீர் உண்டு. வெளியூரில் சொந்தச் சாதிக்காரர் ஒருவரை முதன்முறை பார்க்கும்போது கிராமத்துப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘நமக்கு என்ன முறை வேணும்?’ என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகே எப்படிப் பேசுவது, எதுவரை சிரிப்பது, எங்கே உட்காருவது என்பது தெரியவரும். ‘நான் யார்’ என்ற கேள்விக்கு நம் முன்னோர் தம் மனதுக்குள் போய்ப் பதில் தேடவில்லை. எதிரில் நிற்பவரைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். ஒருவருக்கு மருமகன், இன்னொருவருக்குச் சித்தப்பா, வேறொருவருக்கு மச்சான். எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆள். இந்த ஏற்பாடு சாதிக்குள்ளேயே சுற்றிச் சுழன்றது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உறவின் கதகதப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த வேலியை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது.

பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949, 1950 ஆண்டுகளில் மதுரைப் பக்கத்தில் பிரமலைக் கள்ளர் மக்களிடையே தங்கி ஆய்வு செய்தார். அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு இது: தமிழ்நாட்டில் சம்பந்தம் என்பது ஒரு தலைமுறையோடு முடிவதில்லை. ஐரோப்பாவில் ஒருவரின் மைத்துனர் அவருடைய மகனுக்கு இரத்த உறவாகிவிடுகிறார், அவ்வளவுதான். இங்கே மைத்துனர், மகனுக்கும் சம்பந்தி வீட்டுக்காரராகவே தொடர்கிறார். நிலத்தைப் போலவே சம்பந்தமும் பிள்ளைக்குச் சொத்தாக வந்து சேருகிறது. அதைத் தொடர்ந்து கொண்டுசெல்லும் ஆள்தான் தாய்மாமன்.

காதுகுத்து நடக்கும் ஒரு குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பார்த்தால் இந்த ஆய்வுகள் எல்லாம் கண்முன் நடக்கும். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு பிள்ளை திமிறிக்கொண்டிருக்கும். ஆசாரி தோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கும். ‘தாய்மாமன் வந்தாச்சா?’ என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். அப்பா பக்கத்திலேயே நிற்பார். ஆனால் பிள்ளையை அவர் மடியில் உட்கார வைக்க மாட்டார்கள். மேளத்தோடு சீர்த்தட்டுகள் வரும்: பழம், தேங்காய், இனிப்பு, பட்டுத்துணி, நகைப்பெட்டி. தட்டு எத்தனை என்று ஊரே எண்ணும். மாமன் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஆசாரி காதில் கை வைப்பார். பந்தலோரம் மேசை போட்டு எழுதும் மொய் நோட்டிலும் முதல் வரி தாய்மாமனுடையதாகவே இருக்கும்.

இந்த மடியில் தொடங்குவது கடைசிவரை வருகிறது. பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் ஓலை வெட்டிக் குடிசை கட்டுவது மாமன். கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுப்பது மாமன். அக்கா கணவனை இழந்து நிற்கும்போது பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவருவது அவன். அவளே இறந்துபோனாலும் பிறந்த வீட்டுத் துணி வராமல் எடுக்க மாட்டார்கள். சாதிக்குச் சாதி, வட்டாரத்துக்கு வட்டாரம் விவரங்கள் மாறும், அடிப்படை மாறுவதில்லை. ஒரு மனிதரின் வாழ்வில் நிலை மாறும் ஒவ்வொரு வாசலிலும் தாயின் உடன்பிறந்தவன் நிற்கிறான். தந்தை தன் பெயரின் முதலெழுத்தைக் கொடுக்கிறார். ஆனால் ‘இவன் பெரியவனாகிவிட்டான், இவள் பெரியவளாகிவிட்டாள்’ என்று ஊர் முன் உறுதிசெய்வது தாய்வழி வீடு.

மார்கரெட் டிராவிக் 1970களில் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் ஒரு கூட்டுக் குடும்பத்தோடு தங்கினார். 1990இல் வெளிவந்த ‘ஒரு தமிழ்க் குடும்பத்தில் அன்பு பற்றிய குறிப்புகள்’ என்ற அவருடைய நூல், நம்மைப் பற்றி வெளியார் எழுதியவற்றுள் மிக நுட்பமானது என்பது என் கருத்து. அந்த வீட்டில் தாய் தன் பிள்ளையை வெளிப்படையாகக் கொஞ்சுவதில்லை. கண்பட்டுவிடும் என்ற பயம் ஒன்று. கொழுந்தனார் பிள்ளையைவிடத் தன் பிள்ளையைத் தூக்கிவைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இன்னொன்று. பிள்ளைகள் யார் வயிற்றில் பிறந்தவர்கள் என்பதை வந்தவர் பார்த்து அறிய முடியாதபடி பெண்கள் அவர்களைப் பொதுவாக வளர்க்கிறார்கள். அன்பு என்பது அடக்கிவைக்க வேண்டிய ஒன்று என்று அந்தப் பிள்ளைகள் கற்கிறார்கள். வார்த்தையில் சொல்லாமல் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி வைத்துக் காட்டும் நம் பழக்கம் இந்தப் பயிற்சியிலிருந்து வந்ததுதான். அப்பாவிடம் பேச முடியாததை மாமனிடம் பேசிய எத்தனையோ பேர் நம்மில் உண்டு. அடக்கம் ஆளும் ஒரு வீட்டில், வெளிப்படையாகச் சிரிக்கவும் செல்லம் கொடுக்கவும் அனுமதி பெற்ற ஆள் மாமன்.

டிராவிக் இன்னொன்றும் சொல்கிறார். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் வளர்ந்து, கல்யாணத்தால் பிரிக்கப்படுகிறார்கள். அந்தப் பிரிவின் ஏக்கம் தீர்வதே இல்லை. தங்கள் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் கட்டிக்கொடுத்து அந்தப் பிரிவை ஈடுகட்டப் பார்க்கிறார்கள். அடுத்த தலைமுறையிலும் ஓர் அண்ணனும் தங்கையும் பிரிகிறார்கள். மறுபடி அதே ஏக்கம். தமிழ் உறவுமுறையை உயிரோடு வைத்திருப்பது விதியைவிட இந்த ஏக்கம்தான் என்பது அவர் வாதம். நம் நாட்டார் கதைகளைப் பார்த்தால் அவர் சொல்வது மிகையாகத் தோன்றவில்லை. கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையில் போரில் மாண்ட பொன்னரையும் சங்கரையும் தேடிப்போய் எழுப்புகிறவள் தங்கை. வீரப்பூரில் ஆண்டுதோறும் படுகளம் என்று அது நிகழ்த்தப்படுகிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணியின் கொடுமையால் கிணற்றில் விழுந்த நல்லதங்காளை நம் கிராமங்கள் இன்றும் மறக்கவில்லை. 1961இல் வந்த ‘பாசமலர்’ முதல் 1993இல் வந்த ‘கிழக்குச் சீமையிலே’ வரை தமிழ் சினிமா தியேட்டரையே அழவைத்ததும் இந்த உறவை வைத்துத்தான்.

நல்லதங்காள் ஏன் சாக வேண்டியிருந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பிறந்த வீட்டின் மேல் அவளுக்கு அன்பின் பேரில் உரிமை இருந்தது. சட்டத்தின் பேரில் இல்லை. அண்ணன் ஊரில் இருந்தவரை அது அவள் வீடு. அவன் வெளியே போன நேரத்தில் அது அண்ணியின் வீடு. சீர் என்று நாம் கொண்டாடுவதன் மறுபக்கம் இங்கே இருக்கிறது. நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு கிடையாது. அதற்குப் பதிலாக அண்ணன் தம்பிகள் காலமெல்லாம் அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் செய்முறை செய்வார்கள். தாய்மாமன் மடி என்பது தாய் வாங்காமல் விட்ட பங்குக்கு ஈடு.

சொத்து யார் வழியாக இறங்குகிறது என்பது மாறினால் உறவின் குணமே மாறிவிடும் என்பதற்குத் தமிழ் நிலத்திலேயே சான்றுகள் உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒரு காலத்தில் மருமக்கள்வழி இருந்தது. ஒருவருடைய சொத்து அவர் பெற்ற பிள்ளைகளைத் தாண்டி, அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போயிற்று. அங்கே தாய்மாமன் செல்லம் கொடுக்கும் ஆள் இல்லை. அதிகாரம் செலுத்தும் காரணவர். மனைவியும் பிள்ளைகளும் அந்த ஏற்பாட்டில் பட்ட பாட்டைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்ற நூலாகவே பாடினார். திருவிதாங்கூர் அரசு 1920களில் சட்டம் இயற்றி அந்த வழியை மாற்றியது. யாழ்ப்பாணத்தில் கதை வேறு. டச்சுக்காரர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின்படி தாயின் சீதனச் சொத்து மகளுக்குப் போகும். வீடும் வளவும் பெண்ணுக்கு. அண்ணன்மாரோ தங்கைமாருக்குச் சீதனம் சேர்த்துக் கொடுத்த பிறகே தாம் கல்யாணம் கட்டுவார்கள். கொழும்புக்கும் மலாயாவுக்கும், பின்னாளில் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போன எத்தனையோ இளைஞர்களின் வாழ்க்கை தங்கையின் சீதனக் கணக்கில் கரைந்திருக்கிறது. ஒரே மொழி, ஒரே உறவுச் சொற்கள். சொத்து இறங்கும் வழி வேறாக இருந்ததால் மூன்று வகையான அண்ணன்கள், மூன்று வகையான மாமன்கள்.

தமிழ்நாட்டில் அந்த வழி மாறத் தொடங்கியது தாமதமாகத்தான். பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பாதிக் கதவைத் திறந்தது: தந்தை சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டு, பூர்வீகச் சொத்தில் மகனைப் போல் பிறப்புரிமை இல்லை. அறுபது ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு, 1989இல் தமிழ்நாடு அரசின் திருத்தச் சட்டம் பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை கொடுத்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சட்டம் அவ்வளவு சொல்லியும், எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விடுதலைப் பத்திரங்கள் பதிவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. ஐம்பது, அறுபது வயதைக் கடந்த அக்கா தங்கைகள் வெளியூர்களிலிருந்து பஸ் ஏறி வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பத்திர எழுத்தர் வந்து எங்கே கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டுவார். புகைப்படம் எடுப்பார்கள், விரல் ரேகை வைப்பார்கள். பாத்தியதையை முழுமனதோடு விட்டுக்கொடுப்பதாகப் பத்திரத்தில் எழுதியிருக்கும். தம்பி எல்லாருக்கும் காபி வாங்கித் தருவான். பகல் சாப்பாடு அவன் செலவில். ‘நமக்கு எதுக்குங்க, தம்பி நல்லா இருந்தா போதும், நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவன் வந்து நிக்கணும்ல’ என்பார்கள். இந்தக் கடைசிப் பேச்சில்தான் எல்லாம் இருக்கிறது. பங்கைக் கேட்டால் தம்பி வராமல் போய்விடுவான். தம்பி வராவிட்டால் பேரப்பிள்ளை காதுகுத்தில் மடி காலியாக இருக்கும். பொருளியலாளர் பீனா அகர்வால் 1994இல் தெற்காசியப் பெண்களின் நில உரிமை பற்றி எழுதிய நூலில் இதையே விளக்குகிறார். பெண்கள் அறியாமையால் விட்டுக்கொடுப்பதில்லை. பிறந்த வீட்டின் கதவு மூடிவிடக் கூடாதே என்று விலை கொடுக்கிறார்கள்.

விட்டுக்கொடுப்பதைத் தியாகம் என்று பாடி, பங்கு கேட்ட தங்கையைப் பேராசைக்காரி என்று பேசும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அது அநியாயம். தன் பங்கை எடுத்துக்கொண்டு போகும் அண்ணனை யாரும் அப்படிப் பேசுவதில்லை.

இந்த முறைக்கு வேறொரு இருட்டும் உண்டு. மாமனுக்கு உரிமை என்றால், அந்த உரிமை பெண்பிள்ளையின் மேல் விழுந்தது. தொட்டிலில் கிடக்கும்போதே ‘இவ நம்ம சின்னவனுக்குத்தான்’ என்று பேசி வைக்கப்பட்ட முறைப்பெண்கள் எத்தனை பேர். தன் விருப்பம் என்று ஒன்று இருப்பதையே அறியாமல் வளர்ந்து, அறிந்தபோது கல்யாணம் முடிந்துபோனவர்கள் அவர்கள். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அண்ணன் தங்கை பிள்ளைகளின் திருமணத்தையும் மாமன், அக்காள் மகள் திருமணத்தையும் விலக்கப்பட்ட உறவுகளில் வைக்கிறது. வழக்கம் இருந்தால் செல்லும் என்று விதிவிலக்கும் தருகிறது. அந்த விதிவிலக்கில்தான் தென்னிந்தியா இயங்கிவந்தது. இப்போது அதுவும் குறைந்துவருகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். இந்திய அளவில் இன்னும் மிக அதிகமான விகிதங்களில் ஒன்று அது. ஆனாலும் 1990களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் பெரிய சரிவு. பரம்பரை நோய் பற்றிய அச்சம், பெண்களின் படிப்பு, வெளியூர் வேலை எல்லாம் காரணங்கள். மதுரைப் பகுதியில் ஆய்வு செய்த இசபெல் கிளார்க்-டெசே 2014இல் வெளியிட்ட நூல், முறைமாப்பிள்ளை என்ற ஒன்றின் மதிப்பே மக்கள் மனதில் எப்படி மாறிவிட்டது என்பதைக் காட்டுகிறது. இந்த மாற்றத்துக்காக நான் வருந்தவில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. அது எளிய கணக்கு. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெற்ற பிள்ளைகள் கிட்டத்தட்ட நான்கு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 1.8. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கில் 1.4. வீட்டுக்கு நாலு பிள்ளை இருந்த காலத்தில் ஒரு தாய்க்கு உடன்பிறந்தவர் மூவர். அவர்களில் ஒருவராவது ஆணாக இருக்கும் வாய்ப்பு எட்டில் ஏழு. வீட்டுக்கு இரண்டு என்றால் வாய்ப்பு சரிபாதி. அதாவது, இரண்டு பிள்ளைகள் உள்ள வீடுகளில் பிறந்த பெண்களின் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கூடப்பிறந்த தாய்மாமனே இருக்க மாட்டார். ஒரே பிள்ளையாகப் பிறந்த இருவர் கல்யாணம் செய்துகொண்டால், அவர்கள் குழந்தைக்கு மாமா இல்லை, அத்தை இல்லை, சித்தி இல்லை, பெரியப்பா இல்லை. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அதோடு சரி. மார்கனைத் திகைக்கவைத்த அந்தப் பெரிய ஏற்பாட்டில் அந்தக் குழந்தை கற்க வேண்டிய முறைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

தமிழ் முறை இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது என்பது உண்மைதான். அம்மாவின் சித்தப்பா மகனும் பெரியம்மா மகனும் அவளுக்குச் சகோதரர்களே. ஆகவே ஒன்றுவிட்ட மாமன் வந்து மடியில் வைத்துக்கொள்ளலாம். இப்போதே பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. கணவனின் நண்பரை அண்ணா என்று அழைத்து, அவரையே பிள்ளைக்கு மாமனாக்கிக்கொண்ட நகரத்துக் குடும்பங்களும் உண்டு. இதில் சாதிவேலி கொஞ்சம் உடைகிறது என்பதும் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒன்றுவிட்ட உறவும் அடுத்த தலைமுறையில் சுருங்கும். அப்பா அம்மாவுக்கு வெளியே, தன்னைக் கண்டிக்கவும் தாங்கவும் உரிமையுள்ள ஒரு பெரியவர் பிள்ளைக்கு வேண்டும். பரீட்சையில் தோற்றவன், காதலை வீட்டில் சொல்லப் பயந்தவள், அப்பா அடித்ததால் வெளியேறியவன் எல்லாரும் முதலில் போய் நின்றது மாமன் வீட்டுத் திண்ணையில்தான். அந்தத் திண்ணைக்கு மாற்று இன்னும் வரவில்லை.

உடன்பிறப்பு அரிதாகிவரும் காலத்தில், இருக்கிற ஓர் அண்ணனும் ஒரு தங்கையும் சொத்தினால் பேச்சுவார்த்தையற்றுப் போவதைப் போல் பெரிய நஷ்டம் வேறில்லை. அந்த நஷ்டத்தைத் தவிர்க்கப் பங்கை விட்டுக்கொடு என்று தங்கையிடம் கேட்பதுதான் இதுவரை நம் வழக்கம். அண்ணன்களிடம் நான் கேட்பது இதைத்தான். தங்கைக்குச் சேர வேண்டிய பாகத்தை அவள் கேட்கும் முன்பே பிரித்து அவள் பெயருக்குப் பதிவு செய்துகொடுங்கள். விடுதலைப் பத்திரத்தை நீட்டாதீர்கள். அவளே விட்டுத் தருகிறேன் என்று முன்வந்தாலும், இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். அவள் முகம் மாறுவது தெரியும். பங்குதான் கொடுத்தாயிற்றே, இனிச் சீர் எதற்கு என்று நினைக்காதீர்கள். அவள் பிள்ளைக்குக் காதுகுத்து என்று அழைப்பு வந்தால் நேரத்துக்குப் போய் உட்காருங்கள்.